டேவிஸ் கோப்பை தெரியும், டேவிஸை தெரியுமா? 20 வயசு மாணவர் வாங்கிய வெள்ளிக் கிண்ணத்தின் கதை

2025 செப்டம்பர் மாதம் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இந்திய டென்னிஸ் அணி ஒரு பெரிய வேலையைச் செய்தது. சுவிட்சர்லாந்து அணியை அதன் சொந்த ஊரிலேயே 3-1 என்று சாய்த்தது. ஓர் ஐரோப்பிய அணியை அதன் மண்ணில் இந்தியா வீழ்த்தியது 1993-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. முதல் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் மதுரைக்காரரான தக்ஷினேஸ்வர் சுரேஷ். இந்திய அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். அப்போது உலகத் தரவரிசையில் 600-க்கும் பின்னால் இருந்தார். எதிரில் நின்ற ஜெரோம் கிம் அவரைவிட நூற்றுக்கணக்கான இடங்கள் முன்னால் இருந்தவர்.

அந்த மோதல் நடந்தது டேவிஸ் கோப்பையின் உலகக் குரூப் 1-ல். பெயரைக் கேட்டால் உச்சி மாதிரி இருக்கும். உண்மையில் அது இரண்டாம் அடுக்கு. பட்டத்துக்கான போட்டி அதற்கும் மேலே தனியாக நடக்கிறது.

தரவரிசையில் 600-க்கும் பின்னால் இருக்கும் ஒருவருக்கு ஒரு நாட்டின் சார்பில் ஆடி, அந்த நாட்டையே ஜெயிக்க வைக்கும் வாய்ப்பு டென்னிஸில் வேறு எங்கே கிடைக்கும்? விம்பிள்டனில் அவருக்கு உள்ளே நுழையவே இடம் இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர்தான் டுவைட் ஃபில்லி டேவிஸ். கோப்பையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆளைத்தான் உலகம் மறந்துவிட்டது.

யார் இந்த டேவிஸ்?

1879 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். துணி வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த குடும்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். இடது கைக்காரர், சர்வீஸில் பலம் அதிகம்.

ஆனா, ஒற்றையர் ஆட்டத்தில் அவர் உச்சத்தைத் தொட்டவர் இல்லை. 1898 அமெரிக்க சாம்பியன்ஷிப் இறுதியில் மால்கம் விட்மனிடம் தோற்றார். 1899-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டம் கிடைத்தது. பெரிய வெற்றிகள் எல்லாம் இரட்டையரில்தான். ஹோல்கோம்ப் வார்டுடன் சேர்ந்து 1899, 1900, 1901 என்று தொடர்ந்து மூன்று முறை அமெரிக்க இரட்டையர் பட்டத்தை வென்றார். 1901-ல் இந்த ஜோடி விம்பிள்டனுக்கும் போய், பட்டத்துக்கான ஆட்டம் வரை வந்து, இங்கிலாந்தின் டோஹர்ட்டி சகோதரர்களிடம் தோற்றது.

இவ்வளவுதான் அவருடைய ஆட்டக்காரர் வாழ்க்கை. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்றைக்கு யாரும் அவரைத் தேடப்போவதில்லை.

கோப்பை யோசனை எங்கே பிறந்தது?

1899 கோடை விடுமுறையில் டேவிஸும் வார்டு, விட்மன், பீல்ஸ் ரைட் ஆகிய மூன்று நண்பர்களும் ரயிலேறி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவில் உள்ளூர் வீரர்களுடன் மோதினார்கள், பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை போனார்கள். போன இடமெல்லாம் கூட்டம் கூடியது. வந்தவர்கள் கிழக்குக் கரைக்காரர்கள், எதிர்த்து நிற்பது நம்ம ஊர்ப் பையன்கள் என்ற உணர்வு, சாதாரண ஆட்டத்தையும் ஊர்த் திருவிழாவாக மாற்றியது.

டேவிஸ் கவனித்தது இதைத்தான். ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு கரைகள் மோதினால் இவ்வளவு சூடு என்றால், இரண்டு நாடுகள் மோதினால்?

அன்றைக்கு டென்னிஸ் முழுக்க முழுக்கத் தனி ஆள் விளையாட்டு. தோற்றாலும் ஜெயித்தாலும் அது அந்த ஆளோடு போச்சு. நாட்டுக்காக ஆடுவது என்ற வழக்கம் ஒழுங்காக உருவாகியிருக்கவில்லை. பாஸ்டனில் பேர் பெற்ற ஷ்ரீவ், கிரம்ப் அண்ட் லோ நகைக்கடையில் டேவிஸ் ஒரு வெள்ளிக் கிண்ணம் செய்யச் சொன்னார். எடை 217 அவுன்ஸ். காசு அவருடையது, அதாவது குடும்பத்துடையது. அப்போது வயசு 20. படிப்பே முடியவில்லை.

கிண்ணத்தோடு நின்றிருந்தால் அது ஒரு பணக்காரப் பையனின் நன்கொடையாகவே போயிருக்கும். அவர் போட்டியின் அமைப்பையும் சேர்த்தே யோசித்தார். 4 ஒற்றையர், 1 இரட்டையர், மொத்தம் 5 ஆட்டங்கள். மூன்றில் ஜெயிக்கும் நாட்டுக்கு வெற்றி. ஒரே ஒரு மேதையை வைத்துக்கொண்டு ஜெயிப்பது இதில் கஷ்டம். அவர் ஒற்றையர் இரண்டையும் வென்றாலும் இன்னொரு வெற்றி தேவை, அதற்குக் கூட ஒரு ஆள் தோள் கொடுக்க வேண்டும். இப்போது மூன்று நாள் இரண்டு நாளாகவும், ஐந்து செட் மூன்று செட்டாகவும் சுருங்கிவிட்டன. ஆனால் இரண்டாம் அடுக்கில் இன்றைக்கும் 4+1 கணக்குதான்.

முதல் போட்டி எப்படி நடந்தது?

1900 ஆகஸ்ட் மாதம், பாஸ்டனின் லாங்வுட் கிரிக்கெட் கிளப். சவாலை ஏற்று வந்தது பிரிட்டன் மட்டும்தான். டோஹர்ட்டி சகோதரர்கள் வரவில்லை. வந்தவர்களுக்கு அங்கே எல்லாமே புதுசு. புல் நீளமாக இருந்தது, பந்து மெத்தென்று இருந்தது, டேவிஸும் வார்டும் போட்ட முறுக்கு சர்வீஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்றே புரியவில்லை. அமெரிக்கா 3-0 என்று ஜெயித்தது. கேப்டன் டேவிஸ் ஒற்றையரிலும் இரட்டையரிலும் வென்றார். தான் வாங்கிய கோப்பையைத் தானே ஜெயித்த ஆள்!

சொந்த மண்ணுக்கு எவ்வளவு பலம் என்பது அந்த முதல் மோதலிலேயே தெரிந்துவிட்டது. புல்லும் பந்தும் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. கோப்பையின் உயிரே அங்கேதான் இருந்தது.

போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயர் நீளமானது: சர்வதேச லான் டென்னிஸ் சேலஞ்ச். ஜனங்கள் டேவிஸ் கோப்பை என்றே கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்தது. 1902-ல் ஒரு முறை ஆடியதோடு கோப்பையில் அவருடைய ஆட்டம் முடிந்தது. 1903-ல் பிரிட்டன் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. 1904-ல் பெல்ஜியமும் பிரான்ஸும் சேர்ந்தன. அப்புறம் நாடுகள் வரிசையாக வந்தன. கிண்ணத்தில் பெயர் பொறிக்க இடம் போதாமல் போனபோது, டேவிஸே ஒரு பெரிய வெள்ளித் தட்டையும் வாங்கிக் கொடுத்தார்.

டென்னிஸுக்குப் பிறகு என்ன செய்தார்?

சட்டம் படித்தார், வக்கீலாகத் தொழில் செய்யவில்லை. 1911 முதல் 1915 வரை செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காக்களுக்கு ஆணையராக இருந்தார். அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் பேச வேண்டிய பகுதி இதுதான். அன்றைக்கு டென்னிஸ் என்பது கிளப் உறுப்பினர்களின் விளையாட்டு. டேவிஸ் பொதுப் பூங்காக்களில் டென்னிஸ் கோர்ட்டுகள் போட்டார். நகராட்சி செலவில் இப்படிக் கோர்ட் அமைத்த அமெரிக்க முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இதன் அருமை நமக்குப் புரியாமல் போகாது. செஞ்சியிலோ மேல்மலையனூரிலோ ஒரு பையனுக்கு கிரிக்கெட் மட்டை சுலபமாகக் கிடைத்துவிடும், கபடிக்கு மண் தரை போதும். டென்னிஸ் அப்படி இல்லை. நம்ம ஊர்ப்பக்கம் கோர்ட் என்றால் பெரும்பாலும் ஆபீசர்ஸ் கிளப் வளாகத்துக்குள்ளேதான். கோப்பை வைத்தால் மட்டும் போதாது, ஆட இடமும் வேண்டும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே டேவிஸ் உணர்ந்திருந்தார்.

முதல் உலகப் போரில் 1918-ல் பிரான்ஸ் போர்க்களத்தில் நின்றார். அங்கே காட்டிய துணிச்சலுக்காக அமெரிக்க ராணுவத்தின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ் கிடைத்தது. 1920-ல் செனட்டுக்குப் போக முயன்று கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். 1925 முதல் 1929 வரை அதிபர் கால்வின் கூலிட்ஜின் அமைச்சரவையில் போர்த்துறை அமைச்சர். பிரிட்டனில் டாங்கிப் படையின் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து, அமெரிக்காவிலும் அப்படி ஒரு சோதனைப் படையை அமைக்க உத்தரவிட்டவர் இவர்தான்.

1929-ல் அவர் ஏற்ற பதவி, அப்போது அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்த பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல். 1932 வரை அங்கே இருந்தார். நாடுகள் சமமாக நின்று மோத ஒரு மேடை கட்டிய அதே மனிதர், இன்னொரு நாட்டை ஆளும் நாற்காலியிலும் உட்கார்ந்தார். இந்த முரணை மறைக்க வேண்டியதில்லை. அவர் அந்தக் காலத்து அமெரிக்க மேல்தட்டின் ஆள்.

ஆனால் அவர் போட்ட மேடை அவரைவிடப் பெரிதாகிவிட்டது. 1921-ல் இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பையில் இறங்கியது. அப்போது நாம் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ். ஆனாலும் அணி ஆடியது இந்தியா என்ற பெயரில். முகமது ஸ்லீம் உள்ளிட்டோர் இருந்த அந்த அணி முதல் மோதலிலேயே பாரிஸில் பிரான்ஸை வீழ்த்தியது. சுதந்திரத்துக்கு 26 வருஷம் முன்பு!

கடைசிக் காலம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், ஆஸ்திரேலியா அமெரிக்காவை வீழ்த்தி கோப்பையைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஆறு வருஷம் போட்டியே இல்லை. 1945 நவம்பர் 28 அன்று, தன் 66-வது வயதில், வாஷிங்டனில் டேவிஸ் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். போட்டி மறுபடி தொடங்கியது 1946-ல். கோப்பைக்காக நாடுகள் திரும்ப மோதுவதை அவர் பார்க்கவில்லை.

சரி, இதில் நமக்கென்ன?

டேவிஸ் கோப்பையில் இந்தியாவின் கதையில் பாதி தமிழ்நாட்டுக் கதை. 1966-ல் ராமநாதன் கிருஷ்ணன் தோளில் ஏறி இந்தியா முதல் முறையாக இறுதிக்குப் போய், மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 1987-ல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் விஜய் அமிர்தராஜும் இருந்த அணி, ஆஸ்திரேலியாவை சிட்னியிலேயே வீழ்த்தி இறுதிக்குப் போனது. அங்கே சுவீடன் வென்றது.

நடுவில் 1974. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி இறுதிக்கு வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. நாட்டின் பெயரில் ஆடும் போட்டி என்பதால்தான் ஆட மறுப்பதற்கும் அவ்வளவு அர்த்தம் இருந்தது.

1973-ல் தொழில்முறை வீரர்கள் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1981-ல் பரிசுத் தொகை வந்தது. அதே ஆண்டு 16 நாடுகள் கொண்ட உலகக் குரூப் உருவாகி, மற்ற நாடுகள் கீழ் அடுக்குகளுக்குப் போயின. ஏறுவதும் இறங்குவதும் அப்போது தொடங்கியது. 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்ததும் அப்படி ஒரு மோதல்தான். மேல் அடுக்கில் நீடிப்பதற்காக பிரேசிலுடன் ஆடிய இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. இரட்டையரை வென்றது. அடுத்து சோம்தேவ் தேவ்வர்மனுடன் ஆடிய தாமஸ் பெலூச்சி, சென்னை வெயிலில் துவண்டு பாதியில் விலகினார். கடைசி ஆட்டத்தை ரோஹன் போபண்ணா முடித்தார். 3-2. பாஸ்டன் புல் 1900-ல் செய்த வேலையை, சென்னை வெயில் 2010-ல் செய்தது.

இப்போது பிரச்சினை என்ன?

2018-ல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு போட்டியின் அமைப்பை மாற்ற வாக்களித்தது. 2019 முதல் இறுதிச் சுற்று பொதுவான ஓர் ஊரில் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. டிவிக்கும் ஸ்பான்சருக்கும் இது வசதி. பெரிய வீரர்களின் நெருக்கடியான காலண்டருக்கும் வசதி. ஆனால் போட்டி நடத்தும் நாடு களத்தில் இல்லாவிட்டால், கேலரியில் யாருக்காக யார் கத்துவது?

வேடிக்கை என்னவென்றால், டேவிஸ் நினைத்த வடிவம் இன்றைக்கு உச்சியில் இல்லை, அதற்குக் கீழேதான் இருக்கிறது. தகுதிச் சுற்றிலும், உலகக் குரூப் 1, 2 அடுக்குகளிலும்தான் ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஊருக்குப் போய், அவர்களின் கோர்ட்டில், அவர்களின் கூட்டத்துக்கு நடுவே ஆட வேண்டியிருக்கிறது. முதல் வரிசை நட்சத்திரங்கள் அங்கே அபூர்வம். பெரிய பணமும் இல்லை. ஆனால் தரவரிசையில் எங்கோ இருக்கும் ஒரு பையனுக்கு நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு முழு மைதானத்தையும் எதிர்த்து நிற்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

அடுத்த முறை இந்தியா ஏதோ ஒரு ஊரில் டேவிஸ் கோப்பை ஆடுகிறது என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், இரண்டாம் அடுக்குதானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒற்றையரில் நாட்டின் பெரிய பட்டத்தை ஒரு முறைகூட வெல்லாத ஒருவர் உண்டாக்கிய போட்டி அது. முதல் இடத்துக்கு வராதவர்களுக்கும் அதில் இடம் உண்டு.