அறுபத்தெட்டு வயதில் சிறை சென்ற சிங்காரவேலர்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலிருந்து கிழக்கே வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து சற்றுத் தூரம் போனால் ராஜபாளையம். இந்த இரண்டு ஊர்களையும் ஒரு ரெயில் பாதை இணைக்கிறது. விருதுநகரில் தொடங்கித் தென்காசி வரை செல்லும் பாதை அது. 1927-ம் ஆண்டில் திறக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் அதில் ரெயில் விட்டது சர்க்கார் அல்ல. தென்னிந்திய ரெயில்வே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. பாதை திறந்த மறு ஆண்டே, அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் ஒன்றில் இறங்கினார்கள். அதற்கு ஒரு முக்கிய காரணம் என்ன தெரியுமா? ஒரு பரீட்சை!

அந்தப் பரீட்சையை எதிர்த்த தொழிலாளர் பக்கம் நின்று, 68 வயதில் சிறைக்குப் போனார் ஒரு பெரியவர். அவர்தான் சிங்காரவேலர்.

மீனவர் வீட்டுப் பிள்ளை

1860-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி சென்னையில் மீனவர் குலத்தில் பிறந்தார் சிங்காரவேலர். மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

கடற்கரையை ஒட்டி அவருக்கு வீடு இருந்தது. வீடு நிறையப் புத்தகங்கள். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, வக்கீல் தொழிலை உதறினார். கோர்ட்டுக்குப் போட்டுச் செல்லும் கறுப்பு அங்கியைத் தீயில் போட்டு எரித்தார். அப்போது அவருக்கு வயது 61.

மற்றவர்கள் ஓய்வு தேடும் வயதில் அவர் தொழிலாளர்களைத் தேடிப் போனார்.

கூலியை யார் தீர்மானிப்பது?

கட்டிட வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பையன் கையாளாகச் சேருகிறான். கலவை குழைக்கிறான்; செங்கல் எடுத்துக் கொடுக்கிறான். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டைப் பார்த்துப் பார்த்துச் சுவர் எழுப்பக் கற்றுக்கொள்கிறான். அவன் எப்போது கொத்தனார் ஆவான்? அவனுக்கு எப்போது முழுக்கூலி கிடைக்கும்? மேஸ்திரி மனம் வைக்கும்போதுதான்! இதற்கு எழுத்தும் இல்லை, கெடுவும் இல்லை.

சித்தாளாகச் சேரும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். ஆயுள் முழுவதும் மண் சுமந்தாலும் அவள் கைக்குக் கரண்டி வருவது அபூர்வம்.

தனி ஆளாக நின்று கூலி உயர்வு கேட்டால், நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நூறு பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம். தொழிலாளர் சங்கம் என்பது இந்த எளிய கணக்கில் பிறந்ததுதான்.

சங்கமும் பிளவும்

1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி.வாடியா தலைவர் ஆனார். திரு.வி.க. துணை நின்றார். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள்.

சங்கம் வைப்பதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு அன்று இல்லை. சங்கத் தலைவர்கள் மீது கம்பெனி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததே 1926-ல்தான்.

1921-ல் அந்த மில்களில் நீண்ட வேலை நிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆனால் எல்லாத் தொழிலாளர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். அன்றாடக் கூலியை நம்பிய ஏழைகள்; வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. வேலை நிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும்.

கூலிக்காகத் தொடங்கிய போராட்டம் சாதிச் சண்டையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முடிவில் வேலை நிறுத்தம் தோற்றது. ஏழையும் ஏழையும் மோதிக்கொண்டால் லாபம் யாருக்கு என்பதைச் சென்னை அன்று கண்ணால் கண்டது.

கடற்கரையில் செங்கொடி

1923-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்தினார் சிங்காரவேலர். இந்தியாவில் முதன் முதலாகக் கொண்டாடப்பட்ட மே தினம் அதுதான். கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல், தம் மகளின் சிவப்புச் சேலையைக் கொடியாக்கினார் என்று சொல்வார்கள்.

உழைப்பாளருக்கும் விவசாயிக்கும் என்று ஒரு கட்சியையும் அன்றே தொடங்கினார். தமிழில் 'தொழிலாளன்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். பிறகு சென்னை நகரசபை அங்கத்தினர் ஆனார்.

பரீட்சை வந்தது

இனி ரெயில்வேக் கதைக்கு வருவோம்.

கம்பெனியின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. போத்தனூரிலும் ஒரு பட்டறை இருந்தது. இவற்றை எல்லாம் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒரே இடத்தில் சேர்க்கக் கம்பெனி முடிவு செய்தது. மூவாயிரம் பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கவும் திட்டம் போட்டது.

யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது? அதற்குத்தான் தொழில் பரீட்சை. கொல்லர், தச்சர், பிட்டர் எல்லோரும் தங்கள் திறமையைக் காட்ட வேண்டும் என்றது கம்பெனி.

பல வருஷம் அதே பட்டறையில் உழைத்தவர்கள் அவர்கள். இரும்பைக் காய்ச்சிக் காய்ச்சிக் கை காய்த்தவர்கள். அவர்கள் செய்த வேலையில்தான் ரெயில் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பரீட்சை உண்டா? கம்பெனியே கேள்வி கேட்டு, கம்பெனியே மார்க்குப் போட்டால், நியாயம் கேட்க யாரிடம் போவது?

திறமையைச் சோதிப்பது தவறு அல்ல. ஆனால் ஆளைக் குறைப்பதற்கென்றே ஒரு சோதனை வைத்தால், அது சோதனை அல்ல, சாக்கு.

தொழிலாளர்கள் பரீட்சைக்கு உட்பட மறுத்தார்கள். கம்பெனி பட்டறைகளின் கதவை அடைத்தது. 1928-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி நள்ளிரவு முதல் பொது வேலை நிறுத்தம் தொடங்கியது. சிங்காரவேலரும், வங்காளத்தைச் சேர்ந்த முகுந்தலால் சர்க்காரும் தலைமை தாங்கினார்கள்.

சர்க்கார் சும்மா இருக்குமா? கூட்டம் கூடத் தடை விதித்தது. தலைவர்களைக் கைது செய்தது. ஜூலை 30-ந் தேதி வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பு இழந்து தவித்தன.

பத்து ஆண்டு தண்டனை

தலைவர்கள் மீது சதி வழக்குத் தொடுத்தார்கள். சிங்காரவேலருக்கு 10 ஆண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 68 வயதுக் கிழவருக்குப் பத்து ஆண்டு! பிறகு அப்பீலில் தண்டனை குறைந்தது. 1930-ல் விடுதலை பெற்றார்.

சிறையிலிருந்து வந்தவர் முடங்கிக் கிடக்கவில்லை. 'குடி அரசு' பத்திரிகையில் விஞ்ஞானம் பற்றியும் பொருளாதாரம் பற்றியும் தமிழில் எழுதினார். முதுமை உடலைத்தான் தளர்த்தியது. 1946-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, 86 வயதை எட்டும் தறுவாயில் காலமானார்.

விதைத்தது வீண் போகவில்லை

இந்த இரண்டு பெரிய வேலை நிறுத்தங்களும் தோற்றன. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை.

1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி தொழில் கற்றுக்கொள்பவருக்குக் கால அளவு உண்டு. உதவிச் சம்பளமும் உண்டு. 1982-ல் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு சட்டம் செய்தது. 1994-ல் கட்டிடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வயதானால் ஓய்வூதியம் எல்லாம் கிடைக்க வழி ஏற்பட்டது.

ஆனாலும் சாரத்தின் மேல் நிற்கும் எத்தனையோ பேரைப் பழகுநர் சட்டம் எட்டவில்லை. கையாள் எப்போது கொத்தனார் ஆவான் என்பதை இன்றும் பல இடங்களில் மேஸ்திரியே முடிவு செய்கிறார். வாரியத்தில் பெயர் பதியாத ஏழைக்கு, விபத்து நேர்ந்தால் உதவி பெறுவது கஷ்டம்.

உங்கள் வீட்டில் கட்டிட வேலைக்குப் போகிறவர் இருந்தால், வாரியத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பதியாவிட்டால் உடனே பதியச் சொல்லுங்கள். தனி மரம் தோப்பு ஆகாது. அந்தப் பழமொழியின் பொருளைத் தொழிலாளருக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அந்தப் பெரியவர் சிறைக்குப் போனார்.