ஈடறிந்த ரிக்டர்

சமான எடை என்றதும் நம்மிற் பலர் சூத்திரத்தை நினைப்பரேயன்றி, அதற்கு வித்திட்டவரை நினைப்பதில்லை. அவரே ஜெரமியாஸ் பெஞ்சமின் ரிக்டர்.

1762இல் சைலீசியாவிலுள்ள ஹிர்ஷ்பெர்க்கில் பிறந்தார். பிரஷ்யப் படையின் பொறியியற் பிரிவில் பணியாற்றியபின் கோனிக்ஸ்பெர்க்கில் பயின்று, வேதியியலிற் கணிதத்தின் பயனை ஆராய்ந்து 1789இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நடுநிலை உப்புக் கரைசல்கள் இரண்டைக் கலந்தால் கலவையும் நடுநிலையாகவே இருப்பதை எண்ணிப் பார்த்தார். ஓர் அமிலத்தின் ஒரே அளவை நடுநிலையாக்கும் வெவ்வேறு காரங்களின் எடைகள் ஒன்றுக்கொன்று ஈடு எனத் தெளிந்தார். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தை உப்பிலிருந்து ஒடுக்கி வெளியேற்றும்போதும் நடுநிலை கெடாமையைக் கண்டார். 1792இல் வெளிவரத் தொடங்கிய நூலில் இக்கணக்கிற்கு ஸ்டாய்க்கியோமெட்ரி எனப் பெயரிட்டார்.

ஆனால் அவ்வெடைகள் கூட்டுத்தொடரிலும் பெருக்குத்தொடரிலும் அமைந்தவை என்று பிழையாக நம்பினார். நடையும் கடினம், நூலைப் படித்தவர் சிலரே. 1802இல் ஃபிஷர் என்பவர் அவ்வெண்களை ஒரே பட்டியலாக்கிய பின்னரே உலகம் கவனித்தது. பெர்லின் பீங்கான் தொழிற்சாலையில் வேதியியலாளராயிருந்த ரிக்டர், 1807இல் தமது நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

எலெக்ட்ரானை அவர் அறியார். இன்று நாமோ, ஒடுக்கமடையும் பொருளின் மூலக்கூறு எடையை, ஒரு மூலக்கூறு ஏற்கும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு எடை 158. அமிலக் கரைசலில் அது ஐந்து எலெக்ட்ரான்களை ஏற்பதால் சமான எடை 31.6, நடுநிலைக் கரைசலில் மூன்றையே ஏற்பதால் 52.7. பொருள் ஒன்றே, வினை மாறினால் ஈடும் மாறும். இதை மறந்து ஒரே எண்ணை மனப்பாடம் செய்பவர் தேர்வில் தவறுவர்.

அவருடைய தொடர்கள் பொய்த்தன. தராசில் அவர் கண்ட ஈடு பொய்க்கவில்லை. அடுத்த முறை பியூரெட்டை நிரப்பும்போது அவரையும் நினைப்போமாக.