மறைக்கச் சொன்ன பெயரில் ஒரு பூங்கா: ஒலிம்பிக் டைவிங் வீராங்கனை விக்கி டிரேவ்ஸின் வாழ்க்கை

லண்டனில் 1948-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் டைவிங் போட்டியில் 2 தங்கப் பதக்கங்களை வென்றவர் அமெரிக்க வீராங்கனை விக்கி டிரேவ்ஸ். ஆனால், இளம் வயதில் முறையான பயிற்சியை அவர் தொடங்கியபோது, சொந்தப் பெயரில் போட்டியிட அனுமதிக்கப்படவில்லை. தந்தை வழியில் வந்த மனலோ என்ற குடும்பப் பெயரை விடுத்தால் மட்டுமே பயிற்சி கிடைக்கும் என்ற நிலை இருந்தது. அன்று மறைக்கப்பட்ட அதே பெயரைத் தாங்கிய பொதுப் பூங்கா ஒன்று, இன்று அவர் பிறந்த சான்பிரான்சிஸ்கோ நகரில் அமைந்துள்ளது.

கலப்பு மணக் குடும்பம்

விக்டோரியா மனலோ 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். தந்தை பிலிப்பின்ஸிலிருந்து குடியேறியவர். தாய் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். பிலிப்பின்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆயினும், அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள் சமமாக நடத்தப்படவில்லை. வெள்ளையருக்கும் பிலிப்பினோக்களுக்கும் இடையேயான திருமணத்தை வெளிப்படையாகத் தடை செய்யும் வகையில் அம்மாகாணச் சட்டம் 1933-இல் திருத்தப்பட்டது. அச்சூழலில்தான் மனலோ குடும்பத்தின் பிள்ளைகள் வளர்ந்தனர்.

நகரின் சவுத் ஆஃப் மார்க்கெட் பகுதியில் எளிய குடும்பத்தில் வளர்ந்த விக்டோரியா, சிறுமியாக இருந்தபோது பொது நீச்சல்குளத்தில் நீந்தக் கற்றார். டைவிங் பயிற்சியை அவர் தொடங்கியது 16 வயதில்தான். சர்வதேச அளவில் சாதிக்க விரும்பும் ஒருவருக்கு அது தாமதமான தொடக்கமே.

பெயரை மாற்றிய பயிற்சியாளர்

நகரின் புகழ்பெற்ற ஃபேர்மான்ட் ஹோட்டலில் நீச்சல் மற்றும் டைவிங் சங்கம் ஒன்று இயங்கி வந்தது. அதன் பயிற்சியாளர் ஃபில் பேட்டர்சன், விக்டோரியாவின் திறமையை அறிந்து பயிற்சியளிக்க முன்வந்தார். எனினும், பிலிப்பினோ பெயர் கொண்ட ஒருவருக்கு அச்சங்கத்தின் கதவுகள் திறக்கவில்லை. தாயின் குடும்பப் பெயரான டெய்லரைப் பயன்படுத்துமாறு விக்டோரியாவிடம் கூறப்பட்டது. அவருக்கென்றே தனியாக ஒரு பயிற்சிப் பள்ளியும் ஏற்படுத்தப்பட்டது. அது சலுகை போலத் தோன்றினாலும், மற்ற உறுப்பினர்களிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கும் ஏற்பாடாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் காரணமாக 1940 மற்றும் 1944-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. போர்க் காலத்தில் ராணுவ அலுவலகம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே விக்டோரியா பயிற்சியைத் தொடர்ந்தார். ஓக்லாந்தில் பயிற்சியாளராக இருந்த லைல் டிரேவ்ஸைச் சந்தித்தது அவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. இருவரும் 1946-இல் திருமணம் செய்துகொண்டனர். அந்த ஆண்டு முதல் 1948 வரை தொடர்ந்து 3 முறை, 10 மீட்டர் பிளாட்ஃபார்ம் பிரிவில் அமெரிக்க தேசிய சாம்பியன் பட்டத்தை அவர் வென்றார்.

வெம்ப்லியில் இரட்டைத் தங்கம்

ஒலிம்பிக் டைவிங்கில் இரு தனிநபர் பிரிவுகள் உண்டு. 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டில் வளைந்து எழும்பும் பலகையின் விசையைப் பயன்படுத்தி வீராங்கனை உயரே எழ வேண்டும். 10 மீட்டர் பிளாட்ஃபார்ம் அசையாத மேடை. ஏறத்தாழ 3 மாடி உயரத்திலிருந்து பாய்ந்து, உடலை நேராக்கி நீருக்குள் செல்ல வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படும் திறன்கள் வேறு என்பதால், இரண்டிலும் ஒருவரே முதலிடம் பெறுவது அரிது.

லண்டன் வெம்ப்லியில் உள்ள எம்பயர் நீச்சல்குளத்தில் ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஸ்பிரிங்போர்டு இறுதிச்சுற்று நடைபெற்றது. கடைசிப் பாய்ச்சலுக்கு முன் நம்பிக்கை இழந்திருந்த விக்கியைத் தேற்றியவர், கொரிய வம்சாவளியைச் சேர்ந்த சக அணி வீரரும் நண்பருமான சாமி லீ. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பின்வாங்கக் கூடாது என அவர் எடுத்துரைத்தார். கடைசிப் பாய்ச்சலைச் சிறப்பாக நிறைவு செய்த விக்கி 108.74 புள்ளிகள் பெற்றார். லைல் டிரேவ்ஸிடம் பயின்றவரான ஜோ ஆன் ஓல்சன் 108.23 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார். வித்தியாசம் 0.51 புள்ளி மட்டுமே.

இதன் மூலம், ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர் என்ற பெருமை விக்கிக்குக் கிடைத்தது. இரு நாள்களுக்குப் பின் சாமி லீ ஆடவர் பிளாட்ஃபார்ம் பிரிவில் தங்கம் வென்றார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடைபெற்ற மகளிர் பிளாட்ஃபார்ம் பிரிவிலும் விக்கியே முதலிடம் பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரு தனிநபர் டைவிங் பிரிவுகளிலும் தங்கம் வென்ற முதல் பெண் அவரே. அவருக்குப் பின் பேட் மெக்கார்மிக், இங்கிரிட் கிரேமர், ஃபூ மிங்சியா ஆகிய மூவர் மட்டுமே அச்சாதனையை நிகழ்த்தியுள்ளனர்.

அந்தத் தங்கங்களும் மனலோ என்ற பெயரில் பதிவாகவில்லை. கணவரின் குடும்பப் பெயரிலேயே அவர் களமிறங்கினார். அதே ஆண்டு அக்டோபர் மாதம், கலப்பு மணத்துக்கு எதிரான சட்டம் செல்லாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தந்தையின் நாட்டில் வரவேற்பு

சுதந்திரம் பெற்றிருந்த பிலிப்பின்ஸுக்கு 1949-இல் முதல்முறையாகச் சென்ற விக்கிக்கு உற்சாக வரவேற்பு அளிக்கப்பட்டது. அதிபர் எல்பிடியோ கிரினோ முன்னிலையில் தனது டைவிங் திறனை அவர் வெளிப்படுத்தினார். தந்தையின் பெயரை மறைத்துப் பயிற்சி பெற்ற பெண்ணை, தந்தையின் நாடு தன் மகளாகக் கொண்டாடியது.

பின்னர் நீர் விளையாட்டுக் காட்சிகளில் பங்கேற்ற அவர், கணவருடன் இணைந்து பயிற்சியளிக்கும் பணியில் ஈடுபட்டார். தம்பதிக்கு 4 மகன்கள். சர்வதேச நீச்சல் புகழரங்கில் 1969-ஆம் ஆண்டு அவரது பெயர் இடம்பெற்றது.

சான்பிரான்சிஸ்கோவில் அவர் வளர்ந்த பகுதியிலேயே 2 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட பூங்கா 2006-இல் திறக்கப்பட்டது. அதற்கு விக்டோரியா மனலோ டிரேவ்ஸ் எனப் பெயர் சூட்டப்பட்டது. டெய்லர் என்ற பெயர் அதில் இல்லை. விக்கி டிரேவ்ஸ் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, 85-ஆவது வயதில் காலமானார். அவரது பெயரைத் தாங்கிய அந்தப் பூங்காவில், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் விளையாடி வருகின்றனர்.