குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்தவர்!

பிராங்க் ஸ்பிரேக் (1857 – 1934)

குட்டி நண்பர்களே! நீங்கள் பள்ளிக்கு எதில் போகிறீர்கள்? பஸ்ஸிலா, வேனிலா, மின்சார ரயிலிலா?

தெருவில் பதித்த தண்டவாளத்தின் மேல், தலைக்கு மேலே ஒரு கம்பியைத் தொட்டபடி, மணியடித்துக்கொண்டே ஓடும் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதுதான் டிராம். சென்னைத் தெருக்களில் 1895ம் ஆண்டு முதல் 1953ம் ஆண்டு வரை மின்சார டிராம்கள் ஓடின. உங்கள் கொள்ளுத் தாத்தாவும் கொள்ளுப் பாட்டியும் அதில் ஏறியிருக்கலாம்!

ஒரு நகரம் முழுவதும் மின்சார டிராம் ஓட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். பெயர் பிராங்க் ஸ்பிரேக். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அந்தக் கதையில் நான்கு கோவேறு கழுதைகளும் வருகின்றன!

தவறிப் போய் எழுதிய தேர்வு

பிராங்க் 1857ம் ஆண்டு ஜூலை 25ம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மில்போர்டு என்ற ஊரில் பிறந்தான். சிறு வயதிலேயே அவனுடைய அம்மா இறந்துவிட்டார். அப்பா வேலை தேடி மேற்கே வெகுதூரம் போய்விட்டார். பிராங்க்கையும் அவன் தம்பியையும் அத்தைதான் வளர்த்தார். பிராங்க்குக்குக் கணக்கு என்றால் உயிர்.

பதினேழு வயதில், ராணுவக் கல்லூரியில் சேர வேண்டும் என்று நுழைவுத் தேர்வு எழுதப் போனான். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, நடப்பது கடற்படைக் கல்லூரிக்கான தேர்வு என்று! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்களா? பிராங்க் உட்கார்ந்து அந்தத் தேர்வையே எழுதினான். எல்லோரையும் விட அதிக மதிப்பெண் வாங்கினான். கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்து படித்து, 1878ம் ஆண்டு பட்டம் பெற்றான்.

கடற்படை அதிகாரியாக ஆன பிறகும் ஸ்பிரேக்கின் மனம் மின்சாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு போர்க்கப்பலில் மின்சார அழைப்பு மணிகளை அமைத்துக் கொடுத்தார். 1882ம் ஆண்டு லண்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்குப் போனார். அப்போது லண்டனில் பூமிக்கு அடியில் நீராவி ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிலக்கரிப் புகை சுரங்கம் முழுவதும் நிறைந்து, பயணிகள் மூச்சுத் திணறினார்கள். இந்த ரயிலை மின்சாரத்தால் ஓட்டினால் புகையே இருக்காதே என்று ஸ்பிரேக் நினைத்தார். அந்த எண்ணம் அவரை விடவே இல்லை.

அடுத்த ஆண்டே கடற்படை வேலையை விட்டார். பல்பு புகழ் தாமஸ் ஆல்வா எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனுக்கு அப்போது விளக்குகள் மேல்தான் முழுக் கவனம். ஸ்பிரேக்குக்கோ மோட்டார் மேல் ஆசை. எனவே ஒரே ஆண்டில் அங்கிருந்தும் விலகி, 1884ம் ஆண்டு சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்.

பயந்து ஓடிய பணக்காரர்

அந்தக் காலத்து மோட்டார்களில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. பாரம் கூடினால் வேகம் குறையும், தீப்பொறியும் பறக்கும். பாரம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே வேகத்தில் சுற்றும் நல்ல மோட்டாரை ஸ்பிரேக் செய்து காட்டினார். எடிசனே அதைப் பாராட்டினார்.

நியூயார்க் நகரில் தூண்கள் மேல் ஓடிய உயர்மட்ட ரயிலை மின்சாரத்தால் ஓட்டலாம் என்று 1886ம் ஆண்டு சோதனை நடத்தினார். அந்த ரயிலின் பெரும் முதலாளியான ஜே கோல்டு பார்க்க வந்து, மோட்டாரை இயக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். ஸ்பிரேக் சற்று வேகமாக இயக்கிக் காட்ட, படார் என்ற சத்தத்துடன் பியூஸ் எரிந்து போனது! கோல்டு வண்டியிலிருந்து குதித்து ஓடப் பார்த்தார். பியூஸ் எரிவது ஆபத்தைத் தடுக்கத்தான் என்று ஸ்பிரேக் எவ்வளவோ விளக்கியும் பயனில்லை. அந்த முதலாளி மறுபடி அந்தப் பக்கம் வரவே இல்லை.

90 நாளில் ஒரு டிராம் பாதை!

அப்போது அமெரிக்க நகரங்களில் தெரு வண்டிகளைத் தண்டவாளத்தின் மேல் இழுத்தவை குதிரைகள். பாரம் இழுத்து அவை சீக்கிரம் களைத்துவிடும். ஒரு வண்டிக்கு ஒரு நாளில் பல முறை குதிரைகளை மாற்ற வேண்டும். வண்டி ஓடாத நேரத்திலும் தீனி போட வேண்டும். தெருவெல்லாம் சாணம், ஈ, நாற்றம்! 1872ம் ஆண்டு குதிரைகளுக்கு ஒரு தொற்றுநோய் பரவியபோது, பல ஊர்களில் வண்டிப் போக்குவரத்தே நின்று போனது.

மின்சார டிராமை இதற்கு முன்பே சிலர் ஓட்டியிருந்தார்கள். ஜெர்மனியில் சீமென்ஸ் 1881ம் ஆண்டிலேயே பெர்லின் அருகே ஒன்றை ஓட்டினார். ஆனால் அவையெல்லாம் சிறிய பாதைகள். பெரிய நகரத்துக்கு ஒத்துவருமா என்று எல்லோருக்கும் சந்தேகம்.

1887ம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்து ஸ்பிரேக்குக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கேளுங்கள் அந்த ஒப்பந்தத்தை! 12 மைல் பாதை, 40 வண்டிகள், 80 மோட்டார்கள், 375 குதிரைத்திறன் கொண்ட மின் நிலையம். எல்லாவற்றையும் 90 நாளில் முடிக்க வேண்டும். கூலி 1,10,000 டாலர். அதுவும் வண்டிகள் திருப்தியாக ஓடினால்தான்!

உலகில் அன்று வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் அனைத்தையும் கூட்டினாலும் ஏறக்குறைய 80தான் இருக்கும். ஸ்பிரேக்கிடம் முழுமையான வரைபடம்கூட அப்போது இல்லை. தோற்றால் நிறுவனம் மூழ்கிவிடும். நகர டிராமுக்கு மின்சாரம் சரிப்படாது என்ற முடிவுக்கும் எல்லோரும் வந்துவிடுவார்கள். எனினும் கையெழுத்துப் போட்டார்.

போட்ட சில நாட்களிலேயே அவருக்கு டைபாய்டு காய்ச்சல்! பல வாரம் படுக்கையில் கிடந்தார். கடற்படையிலிருந்து வந்த கிரீன், ராணுவத்திலிருந்து வந்த கிராஸ்பி என்ற இரண்டு இளைஞர்கள் வேலைகளைக் கவனித்தார்கள். குணமாகி ரிச்மண்டுக்கு வந்த ஸ்பிரேக் திகைத்துப் போனார். தண்டவாளத்தை வேறு ஆட்கள் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் குழையும் செம்மண்ணில் தண்டவாளம் சரியாகப் பதியவில்லை. வளைவுகளோ மிகக் கூர்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிச்மண்ட் மேடு பள்ளம் நிறைந்த ஊர். 100 அடி போவதற்குள் 10 அடி உயரம் ஏற வேண்டிய செங்குத்தான தெருவும் அதில் இருந்தது.

இருட்டில் வந்த கருவிகள்

வண்டி மேடு ஏறுமா, ஏறாதா? அதைப் பார்த்துவிட ஓர் இரவில் ஸ்பிரேக்கும் கிரீனும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி திணறித் திணறி மேட்டில் ஏறிவிட்டது! ஆனால் மோட்டார் கடுமையாகச் சூடாகிக் கெட்டுவிட்டது. மேலே போய் வண்டி நின்றுவிட்டது. சுற்றிலும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது.

உண்மை தெரிந்தால் மானம் போய்விடும் அல்லவா? சின்னக் கோளாறுதான், சரிசெய்யும் கருவிகளை எடுத்து வா என்று எல்லோர் காதிலும் விழும்படி கிரீனிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்பிரேக் வண்டி இருக்கையிலேயே படுத்துக்கொண்டார். காத்துக் காத்துப் பார்த்த கூட்டம் மெல்லக் கலைந்தது. தெரு காலியான பிறகு, இருட்டில் கருவிகள் வந்து சேர்ந்தன. அவை என்ன தெரியுமா? நான்கு கோவேறு கழுதைகள்! மின்சார வண்டியைக் கழுதைகள் இழுத்துக்கொண்டு கொட்டகை போய்ச் சேர்ந்தன!

சிரிப்பாக இருக்கிறதா? அன்றிரவு ஸ்பிரேக்குக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஆனால் அந்தப் பயணம் அவருக்கு ஒரு பாடம் கற்றுக் கொடுத்தது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் பற்சக்கரங்கள் போதவில்லை. நீங்கள் கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது என்ன செய்வீர்கள்? கியரை மாற்றுவீர்கள். அதிகம் மிதிக்க வேண்டும். ஆனால் எளிதாக ஏறலாம். அதேபோல நடுவில் இன்னொரு ஜோடிப் பற்சக்கரங்களைச் சேர்த்து, எல்லா வண்டிகளையும் மாற்றி அமைத்தார்.

அடுத்து இன்னொரு சிக்கல். மின்சாரம் மின் நிலையத்திலிருந்து தெருவுக்கு மேலே கட்டிய கம்பியில் வரும். வண்டிக் கூரையில் உள்ள நீண்ட கழியின் நுனியில் ஒரு சிறு சக்கரம். ஸ்பிரிங் அந்தக் கழியை மேலே தள்ள, சக்கரம் கம்பியைக் கீழிருந்து அழுத்தியபடி உருளும். மின்சாரம் கழி வழியாக மோட்டாருக்கு இறங்கி, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய், மின் நிலையத்துக்கே திரும்பும். வளைவிலும் குலுக்கலிலும் கழி கம்பியை விட்டு நழுவினால் வண்டி நின்றுவிடும். நழுவாத கழி கிடைக்கும் வரை பல வடிவங்களில் செய்து பார்த்தார்கள்.

குலுக்கலில் மோட்டார் உடையாமல் இருக்க, அதன் ஒரு பக்கத்தை வண்டி அச்சிலும் மறுபக்கத்தை ஸ்பிரிங்கிலும் தொங்கவிட்டார். இந்த முறையும் அந்தக் கழியும் பிறகு உலகமெங்கும் பரவின.

சொன்ன 90 நாள் எப்போதோ கடந்துவிட்டது. கடைசியில் 1888ம் ஆண்டு பிப்ரவரி 2ம் தேதி ரிச்மண்டில் மின்சார டிராம் மக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதன் பிறகும் ஏதாவது ஒரு வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. பகலில் வண்டிகள் ஓடும். இரவில் அவற்றைப் பழுது பார்ப்பார்கள். வந்ததை விடச் செலவு அதிகம். ஸ்பிரேக் நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம். ஆனாலும் மாதங்கள் போகப் போக, கோளாறுகள் குறைந்தன.

இருபத்திரண்டு வண்டிகள்!

அந்தக் கோடையில் பாஸ்டன் நகரத் தெரு வண்டி நிறுவனத்தின் தலைவர் ஹென்றி விட்னி ரிச்மண்டுக்கு வந்தார். குதிரைகளுக்குப் பதிலாக என்ன போடலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவருடன் வந்தவருக்கு ஒரு சந்தேகம். பல வண்டிகள் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டு, ஒரே நேரத்தில் கிளம்பினால் மின்சாரம் போதுமா?

ஸ்பிரேக் வாயால் பதில் சொல்லவில்லை. இரவில் வழக்கமான ஓட்டம் முடிந்ததும் 22 வண்டிகளைப் பாதையின் ஒரு முனையில் வரிசையாக நிறுத்தினார். மின் நிலையத்தில் நீராவி இயந்திரங்களை முழு பலத்துடன் இயக்கச் சொன்னார். விளக்கு அசைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் கிளம்பின. வண்டி விளக்குகள் மங்கி மங்கி அணைவது போல ஆயின. ஆனால் ஒரு வண்டிகூட நிற்கவில்லை! விளக்குகள் மறுபடி பிரகாசிக்க, 22 வண்டிகளும் இருட்டில் மறைந்தன. விட்னியின் சந்தேகம் தீர்ந்தது. 1889ம் ஆண்டு பாஸ்டனில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது.

பிறகு என்ன? அந்த ஆண்டுக்குள்ளேயே ஸ்பிரேக் முறையில் 110 டிராம் பாதைகள் பல நாடுகளில் தொடங்கப்பட்டன அல்லது திட்டமிடப்பட்டன. தெருக்களில் குதிரைகளின் பாடு குறைந்தது. நகரத்துக்கு வெளியே குடியிருந்தும் மக்கள் வேலைக்கு வந்து போக முடிந்தது. நகரங்கள் டிராம் பாதையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தன.

போன பெயரும் வந்த புகழும்

1890ம் ஆண்டு எடிசன் பெயர் கொண்ட பெரிய நிறுவனம் ஸ்பிரேக்கின் நிறுவனத்தை வாங்கியது. வாங்கியவர்கள் கருவிகளிலிருந்து ஸ்பிரேக் பெயரை எடுத்துவிட்டு எடிசன் பெயரைப் போட்டார்கள். இரவு பகலாகப் பாடுபட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஸ்பிரேக் மனம் வெதும்பி அங்கிருந்து வெளியேறினார். ஆனால் சும்மா உட்காரவில்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு மின்சார லிப்ட் செய்தார்.

1897ம் ஆண்டு இன்னொரு புதுமை செய்தார். ரயிலின் பல பெட்டிகளிலும் மோட்டார் வைத்து, எல்லாவற்றையும் முன்னால் இருக்கும் ஒருவரே இயக்கும் முறை அது. எவ்வளவு எளிது என்று காட்ட, சிறுவனான தன் மகனையே ஆறு பெட்டி ரயிலை ஓட்ட வைத்தார்! சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலும் இந்த முறையில் ஓடுவதுதான்.

1934ம் ஆண்டு அக்டோபர் 25ம் தேதி ஸ்பிரேக் காலமானார். ஆர்லிங்டன் தேசிய கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ரிச்மண்ட் டிராம்கள் 1949ம் ஆண்டு வரை ஓடின.

நண்பர்களே, ரிச்மண்டின் அந்த இரவை நினைத்துப் பாருங்கள். கழுதைகள் இழுத்துக்கொண்டு போனதோடு ஸ்பிரேக் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மறுநாள் வண்டி ஏன் நின்றது என்று பார்க்க உட்கார்ந்தார். அடுத்த முறை உங்கள் கணக்கு தப்பாகிப் போனால், நோட்டை மூடி வைக்காதீர்கள். எந்த வரியில் தப்பியது என்று தேடுங்கள். விடை அங்கேதான் இருக்கும்!