அலை ஓசையும் ஒரு கணக்கும்

மழை பொய்த்தாலும் விதி, ஏலக்காய் விலை சரிந்தாலும் விதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். போடிநாயக்கனூர் மலையடிவாரத்து ராசிங்காபுரம் என் ஊர். முன்னது இயற்கையின் செயல். பின்னது மனிதர் எடுக்கும் முடிவுகளின் விளைவு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பொருளியல் எனக்குக் கற்பித்த முதற்பாடம். கல்கியின் ‘அலை ஓசை’யை நான் வாசிப்பதும் அந்தப் பாடத்தின் துணையோடுதான்.

1899 செப்டம்பர் 9 அன்று மயிலாடுதுறை அருகே புத்தமங்கலத்தில் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, திருச்சியில் பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டத்தில், ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கல்வியைத் துறந்தார். 1922-இல் சிறை சென்றார். பின்னர் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யிலும், ராஜாஜியின் மதுவிலக்கு ஏடான ‘விமோசனம்’ இதழிலும், ‘ஆனந்த விகடன்’ இதழிலும் பணியாற்றினார். 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மீண்டும் சிறை. அதே ஆண்டில் நண்பர் சதாசிவத்துடன் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்.

சோழரையும் பல்லவரையும் எழுதியவராகவே இன்று பலரும் அவரை அறிவர். தம் தலைமுறை நடத்திய புரட்சியை அவர் எழுதியது ‘அலை ஓசை’யில். விடுதலைக்குப் பின், 1948-49-இல் தொடராக வந்த அந்த நாவல் வெற்றிப் பரணி அன்று. வெற்றிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்ற கணக்கு.

கதை ராஜம்பேட்டை என்னும் சிற்றூரின் தபால் சாவடியில் தொடங்குகிறது. வெளியுலகம் கடிதமாக மட்டுமே வந்து சேரும் இடம் அது. திருமணம் சீதாவை அங்கிருந்து டில்லிக்குக் கொண்டுபோகிறது; வரலாறு அவளைப் பிரிவினைக் கலவரத்தில் தள்ளுகிறது. சூரியாவும் தாரிணியும் அரசியலைத் தாமே தேர்ந்துகொண்டவர்கள். சீதா எதையும் தேர்ந்தவள் அல்லள். ஆயினும் அதிக விலை கொடுப்பவள் அவளே.

நாவலின் நான்கு பாகங்களுக்குப் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று பெயர். இவற்றுள் 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கம் மட்டுமே உண்மையான இயற்கைச் சீற்றம்; ஏனையவை உருவகங்கள். இங்கே ஓர் ஆபத்து உண்டு. பிரிவினையைப் பிரளயம் என்றால் பொறுப்பாளி மறைந்துவிடுவான். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்கும் புயலையும் விளைச்சல் குறைவையுமே காரணம் காட்டினர். ஏழையின் கைக்கு எட்டாத அரிசி விலையே பெருங்காரணம் என்பதைப் பின்னாளில் அமர்த்தியா சென் விளக்கினார்.

கல்கி இந்த ஆபத்தில் சிக்கவில்லை என்பது என் கருத்து. அலையின் ஓசை சீதாவின் செவிக்குள் ஒலிப்பது. கூட்டத்தில் பேசுவோருக்கு அது கேட்பதில்லை. எங்கோ எடுக்கப்பட்ட முடிவு, கருத்துக் கேட்கப்படாத ஒருத்தியிடம் வந்து சேரும்போது இயற்கைச் சீற்றமாகவே தோன்றுகிறது. முடிவெடுத்தவர்களுக்கு அது அரசியல். சீதாவுக்கு அது கடல்.

1954 டிசம்பர் 5 அன்று, 55-ஆம் வயதில் கல்கி மறைந்தார். 1956-இல் இந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அதைப் பெற அவர் இல்லை. தாம் சிறை சென்ற போராட்டத்தை அவர் ஒருநாளும் மறுதலிக்கவில்லை. அதன் செலவுக் கணக்கை மறைக்கவும் இல்லை. பெரிய மாற்றங்களைத் திட்டமிடும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இதில் சீதாவைக் கேட்டார்களா?