வாந்திபேதியின் புதிரை அவிழ்த்தவர்

19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, மலைநாட்டை நோக்கிக் கால்நடையாகச் சென்றோரில் எண்ணற்றோர் வாந்திபேதிக்குப் பலியாகி வழியிலேயே மடிந்தனர். மாவனல்லையைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் மக்களும் அத்துயர வரலாற்றின் வாரிசுகளே. மூதாதையரைப் பலிகொண்ட அந்நோயின் புதிரை அவிழ்த்த சம்புநாத் தேயின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்த தே, கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, 1949இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். வாந்திபேதிக் கிருமியை ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக் 1884இலேயே கல்கத்தாவில் உறுதிப்படுத்தியிருந்தார். எனினும் அக்கிருமி மனிதரை எவ்வாறு கொல்கிறது என்பது சுமார் 70 ஆண்டுகளாகத் தெளிவாகவில்லை. நஞ்சு உடல் முழுவதையும் தாக்குவதாகக் கருதி விலங்குகளில் சோதித்தோர் விடை காணவில்லை.

தேயின் கவனம் குடலின் மீது பதிந்தது. உயிருள்ள முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பி வீங்கியிருந்தது. இவ்வாய்வு 1953இல் வெளியாயிற்று. கிருமி நீக்கப்பட்ட வடிதிரவமும் அதே விளைவைத் தருவதை 1959இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர் நிறுவினார். கிருமி சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது. அந்நீரிழப்பே உயிரைப் பறிக்கிறது.

நோயுற்ற குடலும் சீனியுடன் சேர்ந்த உப்பை உறிஞ்சுமெனப் பின்வந்தோர் கண்டனர். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அத்தகைய கரைசலைக் கொடுத்துப் பெருந்தொகையானோரைக் காத்தார். நாம் 'ஜீவனி' என அறிந்துள்ள பொதியும் அதே வகையைச் சேர்ந்ததே.

நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் தேக்கு அது கிட்டவில்லை. தாயகமும் உரிய கௌரவம் அளிக்கவில்லை. 1985இல் அமைதியாகவே அவர் மறைந்தார்.

வாயற்ற சீவன்களிடம் கருணை காட்டுமாறு தமிழரின் நெறியும் இஸ்லாமிய மார்க்கமும் ஒருங்கே வலியுறுத்துகின்றன. ஆகவே, தேவையின்றி விலங்குகளை வதைப்பதை நாம் ஏற்கவியலாது. ஆனால் அம்முயல்களின் உயிர் வீணாகவில்லை. அவற்றிடமிருந்து பெற்ற அறிவை நாம் வீணாக்கலாகாது. ஒரு லயத்துக் குழந்தையேனும் அசுத்த நீரால் நோயுறுமாயின், அது அறிவியலின் குறையன்று. நம் அனைவரதும் அலட்சியமே. சுத்தமான குடிநீரை உறுதிசெய்வதே தேக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.