யார் இந்த ஹர் கோவிந்த் கொரானா? எஸ்.எம்.ஏ. மருந்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய் பாதித்த குழந்தைகளுக்குத் தரப்படும் நுசினெர்சென் மருந்து, ஆய்வகத்தில் கோர்க்கப்பட்ட 18 மரபணு எழுத்துகளின் சங்கிலி. இப்படி எழுத்து எழுத்தா கோர்க்கும் வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் வேலை கிடைக்காமல் போன கொரானா.

1922-ல், இப்போ பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்தார். சுமார் 100 பேர் வாழ்ந்த அந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சது இவர் குடும்பத்துக்கு மட்டும்தான். இங்கிலாந்தில் முனைவர் பட்டம் முடித்து 1949-ல் நாடு திரும்பியவருக்கு வேலையே கிடைக்கல. மறுபடியும் கப்பலேறினார். 1952-ல் கனடா, பிறகு அமெரிக்கா. 1968-ல் மேலும் இருவருடன் நோபல் பரிசு. 1970-ல் உலகின் முதல் செயற்கை மரபணு.

சாதாரண மரபணுத் துண்டை உடம்புக்குள் செலுத்தினா நொதிகள் சீக்கிரமே வெட்டிடும். அதனால ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்து மாற்றுறாங்க. கோர்க்கும்போது எழுத்துகள் தப்பான இடத்தில் ஒட்டாமல் தடுக்க, கொரானா ஆய்வகம் 1960-களில் உருவாக்கிய வேதி 'மூடி'தான் இன்னைக்கும் பயன்படுது.

2011 நவம்பர் 9-ம் தேதி அமெரிக்காவில் மறைந்தார் கொரானா.